எமது பிள்ளைகளின் சிறுநீரகமும் குடும்ப முதுசமும்

"எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பிறசர்தான்." சுவிசில் வாழும் எம்மவர் மத்தியில் இவ்வாசகத்தைக் கேளாதார் இலர். உயர் குருதி அமுக்கம் பரம்பரையாய்த் தொடர்வது உண்மையே. ஆயினும் மரபணு மட்டுமே அம்முதுசம் அன்று. பிள்ளை கருவிலிருந்தபோது அதன் சிறுநீரகம் எவ்வளவுக்கு வளர்ந்தது என்பதும் அதிலடங்கும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் குருதியை வடிகட்டும் நுண்ணிய அலகுகள் சராசரியாகப் பத்து இலட்சம் வரை உள்ளன. இவற்றைச் சிறுநீரகத்திகள் என்பர். கருக்காலத்தின் 36ஆம் வாரமளவில் இவற்றின் உருவாக்கம் நிறைவுறுகின்றது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வடிகட்டும் திறன் முதலிரு வாரங்களில் ஏறத்தாழ இருமடங்காகி, இரண்டு வயதளவில் வளர்ந்தோரின் நிலையை எட்டும். ஆனால் அலகுகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. குறைமாதத்திலோ நிறை குறைந்தோ பிறந்த பிள்ளைகள் பலருக்கு இவ்வெண்ணிக்கை குறைவு. இருப்பவை மேலதிகச் சுமையைத் தாங்குவதால் பிற்காலத்தில் குருதி அமுக்கம் உயரக்கூடும் என்ற கருத்தை அமெரிக்க மருத்துவர் பரி பிறெனரும் அவரது துணையாளரும் 1988இல் முன்வைத்தனர். 2003இல் வெளியான யேர்மனிய ஆய்வொன்று, விபத்துகளில் இறந்தோரின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்தது. உயர் அமுக்கம் கொண்டிருந்த பத்துப் பேரிடம், அஃதில்லாத பத்துப் பேரிடம் இருந்ததில் ஏறத்தாழ அரைவாசி அலகுகளே காணப்பட்டன. இருபது பேரை மட்டும் கொண்ட சிற்றாய்வுதான், எனினும் புறந்தள்ளத்தக்கதன்று.

சுவிசிலும் பேர்ண், ஜெனீவா, லவுசான் நகரங்களில் சிறுநீரகத்தையும் குருதி அமுக்கத்தின் மரபுவழியையும் குடும்பம் குடும்பமாக ஆராயும் பெருமுயற்சி 2009இன் இறுதியில் தொடங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட அவ்வாய்வில் ஐரோப்பிய வம்சாவளியினரே சேர்க்கப்பட்டனர். மரபணு ஆய்வுகளில் இது வழமையான நடைமுறை, குறைகூறுவதற்கில்லை. ஆனால் எமது குடும்பங்களின் நிலையை அதன் முடிவுகளிலிருந்து அப்படியே அறிந்துகொள்ள இயலாது. இந்தியாவின் புனே அருகே கிராமங்களில் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ரனில் அது 3.5 கிலோ. தெற்காசியப் பிள்ளைகளைத் தனித்து நோக்க வேண்டிய தேவைக்கு இவ்வேறுபாடே போதிய காரணம்.

ஆகவே குடும்ப வரலாற்றைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. கலியாணப் பேச்சுக்குப் பாதகம் வருமென அஞ்சி நோயை மறைக்கும் வழக்கம் எம்மிடையே இன்னும் உண்டு. பெற்றோரே, பாட்டன் பாட்டியருக்கு எத்தனை வயதில் அமுக்கம் கண்டது, கருவுற்றிருந்தபோது தாய்க்கு அமுக்கம் கூடியதா என்பவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்காது கூறுங்கள். இளையோரே, பெற்றோருக்காக மருத்துவரிடம் மொழிபெயர்க்கச் செல்லும் நீங்கள் இவற்றை உங்களுக்காகவும் கேட்டு வையுங்கள். நீங்கள் இங்கு பிறந்தவர்களாயின், பிறந்த வாரமும் நிறையும் அலுமாரியில் கிடக்கும் உங்கள் குழந்தைப்பருவச் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும்.

உப்பையும் கவனிக்க வேண்டும். 2010–2011இல் எடுத்த கணக்கின்படி சுவிஸ் மக்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 9.1 கிராம் உப்பு உட்கொண்டனர். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதோ 5 கிராமுக்கும் குறைவு. இந்நாட்டுப் பாணும் பாற்கட்டியும் போதாவென்று கருவாடும் ஊறுகாயும் எம் மேசையில் சேர்ந்துகொள்கின்றன.

மூன்று வயது முதல் பிள்ளைகளின் குருதி அமுக்கத்தை மருத்துவர் அளந்து பார்ப்பது நன்று. குறைமாதத்திலோ நிறை குறைந்தோ பிறந்தவர்களுக்கு அதற்கு முன்னரே அளக்குமாறு கேளுங்கள்.