தூண்கள்ளி: துண்டும் விதையும்

மழை குறைந்த கரை. உப்புக் காற்று ஓயாத கரை. முத்துக்குளித்துறை இல்லங்கள் பலவற்றில் ரோஜாவும் மல்லிகையும் தொட்டியிலேயே வாடிப் போவதைக் காண்கிறோம். குடிக்கும் நீரையே அளந்து வைக்கும் கோடையில் செடிக்கு ஊற்ற நீருக்கு எங்கே போவது? இத்தகைய வீடுகளுக்கு ஏற்றது, தூண்போல் நிமிர்ந்து வளரும் கள்ளி. அதனைப் பெருக்கும் வழிகள் இரண்டு: ஒன்று துண்டு, மற்றொன்று விதை. இரண்டையும் இம்மாதம் காண்போம்.

‘கள்ளி’ என்று நாம் வழங்குபவை இரு வேறு குடும்பத்தன என்பதை முதலில் அறிதல் நலம். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி போன்றவை நம் நாட்டவர் தொன்றுதொட்டு அறிந்தவை. கள்ளிக்காய் வெடிக்கும் ஓசைக்கு அஞ்சிப் புறாக்கள் பறப்பதாகக் குறுந்தொகைப் பாலைப் பாடல் ஒன்று கூறுகிறதே, அது இந்தக் கள்ளிதான். ஒடித்தால் பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையலாம். பட்டுவிட்டால் உடனே நிறைய நல்ல நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறார் உள்ள வீட்டில் இதனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தலாகாது.

தூண்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியுமோ ‘காக்டஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டங்களே அவற்றின் தாயகம். 1492-இல் கொலம்பஸ் அங்குச் சென்றதன் பின்னரே அவை கடல் கடந்து பிற நாடுகளை அடைந்தன. இவ்விரண்டையும் வெட்டினால் பால் வடிவதில்லை. முட்களும் பஞ்சு போன்ற சிறு பொட்டுகளிலிருந்தே கிளம்பும். இவ்வடையாளங்களைக் கொண்டு எளிதில் பிரித்தறியலாம்.

இனித் துண்டு நடும் முறை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நிலம் உலர்ந்து, வெயில் ஏறும் மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு உகந்தவை. நோயற்ற தண்டில் ஓரடி நீளத்தைக் கூரிய, தூய கத்தியால் அறுத்தெடுங்கள். எது அடிப்பக்கம் என்பதைக் குறித்து வையுங்கள். உடனே நட்டுவிடலாகாது, பலர் தவறுவது இவ்விடத்தில்தான். அறுத்த வாய் பச்சைப் புண்ணுக்கு ஒப்பானது. ஈர மண்ணில் வைத்தால் அதன் வழியே அழுகல் நுழையும். ஆகவே நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், இரண்டு வாரம் நிமிர்த்தி வையுங்கள். பருத்த தண்டாயின் மேலும் சில நாள் ஆகலாம். வெட்டுவாய் காய்ந்து தோல்போல் இறுகிய பின்னர், இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் நட்டு, ஒரு குச்சியோடு தளரக் கட்டுங்கள்.

மண்ணில் பாதி பருமணலும் உடைத்த செங்கல் துணுக்கும் இருத்தல் வேண்டும். கடல்மணல் கூடாது, அதிலுள்ள உப்பு புதிய வேரைக் கருக்கிவிடும். தொட்டியின் அடியில் துளை இன்றியமையாதது. நட்ட முதல் வாரம் நீர் வேண்டாம். பின்னர் மண் முற்றும் உலர்ந்த பிறகே சிறிது ஊற்றுங்கள். ஒன்றிரண்டு மாதங்களில் வேர் பிடிக்கும். அடித்தண்டு பழுப்பேறிக் குழைந்தால், பசுமையான சதை தெரியுமட்டும் மேலே அறுத்து, மீண்டும் உலர்த்தி நடலாம். தாகத்தால் இறக்கும் கள்ளியை விட, நம் அன்பு மிகுதியால் ஊற்றிய நீரில் இறக்கும் கள்ளியே அதிகம்.

இவ்வளவு எளிதாயின் விதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. துண்டிலிருந்து எழும் செடி தாய்ச்செடியின் மறுபடியே. தனிச் செடி அன்று. தூண்கள்ளி வகைகள் பல தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரு வீட்டுச் செடியை வெட்டித் தெரு முழுதும் பங்கிட்டுக் கொண்டால், ஆண்டுதோறும் அத்தனை வீட்டிலும் பூக்கும். ஒரு வீட்டிலும் காய்க்காது. ஒரு செடியைப் பற்றும் நோய் எல்லாவற்றையும் பற்றவும் கூடும். வேறு வழிவந்த செடி ஒன்று அருகில் இருத்தல் வேண்டும். அதன் பூ இரவில் விரிந்து மறுநாள் காலையில் குவிந்துவிடும். எனவே இரவிலேயே மென்மையான தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் தடவ வேண்டும்.

பழுத்த கனியின் விதைகளைச் சதை போகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொதிநீர் ஊற்றி ஆறவிட்ட மணற்பாங்கான மண்ணின்மேல் தூவுங்கள், ஆழப் புதைத்தலாகாது. கண்ணாடித் துண்டால் மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்தால், சில வாரங்களில் கடுகளவு பச்சை தலைகாட்டும். பின்னர்ச் சிறிது சிறிதாக மூடியை விலக்கிக் காற்றுக்குப் பழக்க வேண்டும். இதற்குப் பொறுமை தேவை. அரிசோனாப் பாலையின் புகழ்பெற்ற சகுவாரோ கள்ளி முதல் எட்டாண்டுகளில் ஓரிரு அங்குலமே வளர்கிறது. முதற்கிளை விட ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் ஆகும்!

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வெட்டிய துண்டு எங்கு விழுந்தாலும் வேர் பிடிக்கும் இயல்பு நமக்கு வசதி. நிலத்துக்கு அதுவே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியின் வரலாறு இதற்குச் சான்று. 1795-இல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைச் சிவப்புச் சாயத்துக்கென வங்காளத்துக்குக் கொணர்ந்தனர். அது நல்ல சாயம் தரவில்லை. சப்பாத்திக்கள்ளியில் ஒரு வகையை அழித்தது. எஞ்சிய வேறு வகையோ தென்னாட்டின் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து மற்றொரு பூச்சியைக் கொண்டுவந்த பின்னரே அது அடங்கியது. சீமைக் கருவேலத்தால் இன்று நாம் படும் பாட்டையும் எண்ணிப் பாருங்கள்.

ஆதலால், கழித்த துண்டுகளைத் தேரியிலோ குளக்கரையிலோ கடலோரத்திலோ வீசாதீர்கள். சிமெண்டுத் தளத்தில் பரப்பி, முற்றும் வற்றிச் சருகான பின் எரித்து விடுங்கள். அண்டை வீட்டார் ஒரு துண்டு கேட்டால் மகிழ்ந்து கொடுங்கள். மிஞ்சியதை எப்படி அழிப்பது என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். நம் முற்றத்துக்கு அழகு சேர்க்கும் செடி ஊர்ப் பொதுநிலத்துக்குச் சுமையாகலாமா?