இடிப்புயற் காலத்தில் ஓட்டப் பயிற்சி

மார்ச் முதல் மே வரை வங்காளத்தில் வீசும் ‘கால்பைசாகி’ என்னும் இடிப்புயல், சோட்டா நாகபுரிப் பீடபூமியின் பக்கமிருந்து பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ எழுந்து வருகிறது. ‘கிராஸ் கன்ட்ரி’ எனப்படும் திறந்தவெளி நெடுந்தூர ஓட்டத்திற்குக் கல்லூரி மாணவர்கள் பயிற்சி பெறுவதும் பெரும்பாலும் மாலையில்தான்!

இப்புயலை முன்னறிய இயலாது என்பது முற்றிலும் சரியன்று. எந்த நாளில் இடிமழைக்கு வாய்ப்புண்டு என்பதை வானிலைத் துறையினர் முன்னரே அறிவிக்கின்றனர். எந்த வயலில் எக்கணத்தில் மின்னல் இறங்கும் என்பதையே கூற இயலாது. ஆகவே ஓட்டத்தை நிறுத்தும் பொறுப்பு களத்தில் நிற்கும் பயிற்சியாளரையே சாரும்.

மின்னலைக் கண்டபின் 30 விநாடி கழித்து இடி கேட்டால், அது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனலாம். மழை தொடங்காத இடத்தையும் அடுத்த மின்னல் தாக்கக்கூடும். பாதையின் நடுவே அகப்பட்ட மாணவன் ஒதுங்குவது மரத்தடியில். அதுவோ மிகவும் ஆபத்தான இடம். நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் மின்னலால் மடிகின்றனர்.

மழையில் ஓடுவது மன உறுதியை வளர்க்கும் என்பர் சிலர். வளர்க்கட்டும், மழை வேறு, மின்னல் வேறு. இம்மூன்று மாதங்களிலும் பயிற்சியைக் காலைக்கு மாற்றுவதே தக்கது. வெயிலின் கடுமையும் குறையும். பாதையையும் கல்லூரிக் கட்டடங்களை விட்டகலாத சிறு சுற்றாக அமைக்கலாம். காலையிலும் இடி கேட்டால் மாணவர் உடனே கட்டடத்திற்குள் செல்லவேண்டும். கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் கழியும்வரை, போட்டி எவ்வளவு நெருங்கியிருப்பினும், வெளியே அனுப்பலாகாது.