க்ரீமை நிறுத்தினால் முகம் எரிகிறதா?

முகம் கருத்திருக்கிறது, பரு வருகிறது என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசும் சில க்ரீம்கள் சில நாளிலேயே பளபளப்பைக் கொடுத்துவிடும். மாதக்கணக்கில் பூசிவிட்டு நிறுத்தும்போதுதான் தொல்லை. முகம் சிவக்கும், எரியும், தோல் உரியும், பரு கிளம்பும். மறுபடி பூசினால் அடங்கும். ‘இந்த க்ரீம் இல்லாமல் நம் தோலுக்கு ஆகாது’ என்று தோன்றும். உண்மையில் அந்த எரிச்சலே க்ரீமால் வந்ததுதான்.

க்ரீமில் உள்ள ஸ்டீராய்டு, ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைக்கும். நிறுத்தியதும் அவை விரிவதால் முகம் சிவக்கிறது. தோலும் மெலிந்திருப்பதால் நெல்லை வெயிலைத் தாங்காது.

டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருக்கிறதா பாருங்கள். 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது.

என்ன செய்யலாம்?

* டியூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் காட்டலாம். உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் சொல்வார்.
* எரிந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுங்கள். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போதும். எலுமிச்சை, மஞ்சள், ப்ளீச் வேண்டாம்.
* வெளியே போனால் குடை பிடியுங்கள்.
* படர்தாமரைக்கு இந்த க்ரீம் கூடவே கூடாது. அரிப்பு அடங்கும், படை பரவும்.
* சீழ், காய்ச்சல், கண் வீக்கம், தலைசுற்றல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

தோல் தேற வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்களும் ஆகலாம். பொறுமையாக இருந்தால் எரிச்சல் படிப்படியாகக் குறையும்.