சாவிக்குச் சாதி ஏது?

வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, வங்கியிலே கடனும் பெற்று, மாடி எழுப்பிவிட்டார் நண்பர். நேற்றுவரை வாடகை கொடுத்தவர்; இன்று முதன்முறையாக வாடகை வாங்கப் போகிறவர். வாழ்த்துகிறோம்! வாசலில் பலகை தொங்குகிறது. வீடு கேட்டு ஒருவர் வருகிறார். நண்பர் கேட்கும் முதற்கேள்வி எது? வாடகை கட்டுபடியாகுமா என்பதா? குடும்பத்தில் எத்தனை பேர் என்பதா? அல்ல, தோழர்களே, அல்ல! "நீங்க என்ன ஆளுங்க?"

சில வேளைகளில் இக்கேள்வி முகமூடி அணிந்து வரும். "சொந்த ஊர் எது?" என்று தொடங்கும். "ஊரிலே எந்தத் தெரு?" என்று நெருங்கும். "குலதெய்வம் எது?" என்று குடையும். பிறகு, "வீடு முடிந்துவிட்டதே!" என்று தரகர் வாயால் தீர்ப்பு வரும். வந்தவர் போய்விடுவார், பலகை மட்டும் இறங்காது!

'சைவம் மட்டும்' என்றொரு முகமூடியும் உண்டு. ஞாயிறுதோறும் கறிக்குழம்பு கொதிக்கும் வீட்டாரும் இப்படி எழுதுகின்றனரே, ஏன்? அவர்கள் வெறுப்பது இறைச்சியையா, அதை உண்ணும் இன்னொருவரையா?

"வீடு என்னுடையது, யாருக்கு விடுவது என்பது என் உரிமை" என்பார் நண்பர். வீடு உம்முடையதுதான், மறுக்கவில்லை. ஆனால், பலகை மாட்டி, ஊரை அழைத்து, விலை கூறிய பிறகு அது வாணிகம். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 முதல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. தீண்டாமை காரணமாக எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பைப் பெறவொட்டாமல் தடுப்பது குற்றம் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை, அபராதமும் உண்டு. நண்பர் பேசும் 'உரிமை' இதுதானா?

முஸ்லிம் என்றதும் கதவு சாத்தப்படுகிறதே, அதற்கு? அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடையையும் உணவு விடுதியையும் கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லிக் காக்கிறது. வாடகை வீட்டை அவ்வாறு குறிப்பிடவில்லை. வீடு வாடகைக்கு விடுவதில் நிறவேற்றுமை காட்டுவதைத் தடுக்க அமெரிக்காவும் பிரிட்டனும் 1968லேயே சட்டம் செய்தன. இங்கும் அத்தகைய சட்டம் வேண்டும் என்கிறோம். சட்டம் வரும்வரை மனச்சான்று உறங்க வேண்டுமோ?

"வாடகை வராவிட்டால்? காலி செய்ய மறுத்தால்?" இந்த அச்சம் நியாயமானது. புதிதாய் வீடு விடுபவருக்கு வரக்கூடியதே. ஆனால், அதற்கு மருந்து சாதியா? ஒரே சாதிக்காரர் வாடகை பாக்கி வைத்ததே இல்லையா? உறவுக்காரர் காலி செய்ய மறுத்ததே இல்லையா? மருந்து, எழுத்தில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்க. வாடகை அதிகாரியிடம் பதிவு செய்க என்கிறது அது. இரண்டு மாத வாடகை நிலுவையாகி, கேட்டும் தரப்படவில்லையெனில், வீட்டை மீட்க வழி தருகிறது. வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி மிரட்டவும் கூடாது. இருவருக்கும் காப்பு, இருவருக்கும் கடமை. இதில் எந்த வரியில் இருக்கிறது சாதி?

இளைஞர்களே! மேடையில் சாதியை ஒழிப்பது எளிது, கைதட்டல் கிடைக்கும். மாடிப்படியில் ஒழிப்பது கடினம். அத்தை முகம் சுளிப்பார், அண்டை வீட்டார் முணுமுணுப்பர். ஆயினும், நம் வீட்டுப் பலகையைப் பார்த்து வருபவரிடம் கேட்க வேண்டியவை சில கேள்விகளே: வருவாய் என்ன? எத்தனை பேர்? எத்தனை காலம்? ஒப்பந்தத்தில் ஒப்பமிட இசைவா? இசைவெனில், சாவியைக் கொடுங்கள். வேறு கேள்வி கேட்கும் தரகரை, மாடிப்படி ஏறவே விடாதீர்கள்!