பி.பார்ம் 'தான்' கிடைச்சுதா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா எங்க பாகூர் பக்கம் டீக்கடையில நெல் விலையைக்கூட யாரும் பேச மாட்டாங்க. நீட் மார்க், சென்டாக் கவுன்சிலிங், இதே பேச்சுதான். எம்.பி.பி.எஸ். கிடைக்காத பையன்கிட்ட என்னப்பா ஆச்சுன்னு கேட்டா, "பி.பார்ம் தான் கிடைச்சுது மாமா"ன்னு தரையைப் பார்த்துச் சொல்றான். எனக்கு அந்தத் 'தான்' பிடிக்கவே இல்ல.

அது மெடிக்கல் ஷாப் வைக்கிற படிப்புன்னு பெத்தவங்க நினைக்கிறாங்க. கடை வைக்கிறதுல தப்பு ஒண்ணுமில்ல. ஆனா அந்த நாலு வருஷத்துல மருந்து வேதியியல் மட்டும் மூணு செமஸ்டர் வருது. ஒரு மூலக்கூறு உடம்புல எங்க போய் ஒட்டுது, அதுல ஒரு சின்ன இடத்தை மாத்தினா வீரியம் கூடுமா, இல்ல விஷமாகுமான்னு பார்க்கிற படிப்பு அது.

கண்வலிக்கிழங்கை எடுத்துக்குங்க. தமிழ்நாட்டோட மாநிலப் பூவான செங்காந்தள் பூக்கிற கொடிதான். கிழங்கு கொடிய விஷம். திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே பயிர் பண்றாங்க. விதையில இருக்கிற கோல்சிசின், யூரிக் ஆசிட் மூட்டுவலிக்கு மருந்து. மாத்திரைக்கு அரை மில்லிகிராம் போதும். இதுக்குச் சொந்தக்காரச் செடி ஒண்ணு ஐரோப்பாவுல இருக்கு. அதுலேர்ந்து 1820-ல அந்தச் சரக்கைப் பிரிச்சவங்க பெல்த்தியே, காவந்தூன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க. அதே வருஷம் குயினைனையும் பிரிச்சாங்க. ரெண்டு பேருமே மருந்தாளர்கள். அப்ப புதுச்சேரி அவங்க நாட்டுக் கையில இருந்துச்சு, ஆனா நம்ம வேலியோரத்துக் கொடியை அந்தக் கண்ணோட பார்க்க இங்க ஆள் இல்ல. இன்னிக்கும் விவசாயி கிலோவுல விக்கிறதைக் கம்பெனி மில்லிகிராம்ல விக்குது. நடுவுல நடக்கிறது அத்தனையும் கெமிஸ்ட்ரி.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 'இயற்கைதானே, பக்கவிளைவு கிடையாது'ன்னு மூலிகை மெசேஜ் அனுப்பறீங்க. கீழாநெல்லி எங்க வரப்புல சும்மா முளைக்கிறது. மஞ்சள் காமாலைக்கு எங்க ஆயா அரைச்சுக் கொடுத்ததுதான். சென்னைப் பல்கலைக்கழகத்துல தியாகராஜன் குழு அதை ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1988-ல லான்செட் இதழ்ல எழுதினாங்க. 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல கிருமியோட அடையாளம் மறைஞ்சுதுன்னு சொன்னாங்க. அப்புறம் வேற இடங்கள்ல செஞ்சு பார்த்தப்ப அந்தப் பலன் வரல. செடி வேற இனமா, மண்ணா, பறிச்ச பருவமா? ஒரே விதைநெல் களிமண்ல ஒரு மாதிரி, மணல்ல ஒரு மாதிரி விளையறதைப் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி புரியுது. பதில் சொல்ல ஆய்வகத்துல உட்கார்ந்து ஒவ்வொரு சரக்கா பிரிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். கீழாநெல்லிக்கும் மேலாநெல்லிக்கும் வித்தியாசம் தெரிஞ்ச கிராமத்துப் பிள்ளை அங்க உட்கார்ந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

காலேஜ்ல பரீட்சைக்காகப் படத்தை மனப்பாடம் பண்ண வைக்கிறாங்கன்னு பசங்க புலம்பறாங்க. அது நிஜமான குறைதான். அந்தப் படத்துக்குப் பக்கத்துல செடியையும் வெச்சுக் காட்டினா கசக்காது.

மருந்துக் கம்பெனி ஆய்வகத்துல வேலை பார்க்கிறவங்க இதைப் படிச்சீங்கன்னா, கவுன்சிலிங் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க ஊருக்கு வாங்க. பிள்ளைகளை நான் கூட்டி வெக்கிறேன். எம்.பார்ம், ஜிபேட் பரீட்சை பத்தியெல்லாம் நீங்க சொல்லுங்க. மதியச் சாப்பாடு எங்க வீட்டுல.