நல்லவர்களுக்கும் விதி வேண்டும்



சென்ற ஆண்டு ஓர் இரவில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். ஜார்ஜ்டவுனில் இலாப நோக்கமின்றி இயங்கும் ஒரு கலை அமைப்பில், சிறுவர் நாடகப் பயிற்சிக்கு நான் தன்னார்வ உதவியாளன். பிள்ளைகள் என்னை 'அண்ணன்' என்றுதான் அழைப்பார்கள். தீபாவளி நிகழ்ச்சிக்கான ஒத்திகை முடிந்தபோது இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. எல்லாரும் போன பிறகு, படிவம் ஒன்றில் படிக்கும் ஒரு மாணவி மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கைப்பேசியை எடுக்கவில்லை. வீடு ஜெலுத்தோங்கில்தான். "வாம்மா, நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்று காரில் ஏற்றிச் சென்று பத்திரமாக இறக்கிவிட்டேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு தூங்கினேன்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் அக்கா அழைத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, பிள்ளைகளைத் தனியாகக் காரில் ஏற்றக் கூடாது என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறதே, படிக்கவில்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. "என்மேல் சந்தேகமா அக்கா?" என்று கேட்டேன்.

"சந்தேகம் இருந்தால் உங்களை உள்ளேயே விட்டிருக்க மாட்டேன். ஆனால், அந்தப் பிள்ளை நேற்று உங்களிடம் என்ன கற்றுக்கொண்டாள்? இங்கே பெரியவர் கூப்பிட்டால் காரில் ஏறலாம் என்று கற்றுக்கொண்டாள். நாளைக்கு வேறொருவர் கூப்பிட்டால் எப்படி மறுப்பாள்? என்னை அழைத்திருந்தால் நானும் வந்து உங்களோடு வாசலில் காத்திருப்பேனே!"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நல்லவருக்கு ஒரு விதி, கெட்டவருக்கு ஒரு விதி என்று வைக்க முடியாது. கெட்டவர் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. எல்லாரும் விதியைக் கடைப்பிடித்தால்தான் அதை மீறுகிறவர் கண்ணில் படுவார்.

இது வெறும் பேச்சல்ல. 2016 ஜூன் மாதம் இலண்டன் நீதிமன்றம் ரிச்சர்ட் ஹக்கல் என்ற ஆடவனுக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. 71 குற்றங்களை அவன் ஒப்புக்கொண்டான். கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களுக்கு அவன் அறிமுகமானது எப்படி? ஆங்கிலம் சொல்லித்தருபவன், உதவ வந்தவன் என்ற முகத்தோடுதான். தொண்டு செய்ய வந்தவரைக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் இப்படிப்பட்டவர்கள் நுழைகிறார்கள்.

கலை உலகில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதுதான் குருபக்தி. அரைமண்டியைத் திருத்த ஆசிரியர் தொட வேண்டியிருக்கிறது. ஒத்திகை இரவு வரை நீள்கிறது. யாருக்குத் தனி ஆட்டம், யாருக்கு அரங்கேற்றம் என்பதை அவரே முடிவு செய்கிறார். இத்தனை அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும்போது மாணவர் வாய் திறப்பது எளிதா?

சென்னை கலாக்ஷேத்ராவைப் பாருங்கள். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் நிறுவிய, உலகப் புகழ்பெற்ற கலைக்கூடம் அது. அங்கே பாலியல் தொல்லை நடப்பதாக எழுந்த பேச்சை நிர்வாகம் முதலில் வதந்தி என்று மறுத்தது. 2023 மார்ச் 30 அன்று மாணவர்கள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். முன்னாள் மாணவி ஒருவரின் புகாரின்பேரில் ஏப்ரல் 3 அன்று ஓர் ஆசிரியர் கைதானார். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தங்கள் குரல் கேட்கப்பட, வளர்ந்த மாணவர்களே வீதிப் போராட்டம் போல ஒன்றை நடத்த வேண்டியிருந்தது என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் சிறார் மீதான பாலியல் குற்றங்கள் சட்டம் (சட்டம் 792) 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் பாதுகாக்கிறது. தொட்டால்தான் குற்றம் என்றில்லை. தவறான நோக்கத்தோடு சிறாருடன் செய்தி பரிமாறி நம்பிக்கையை வளர்ப்பதும் குற்றமே. ஆசிரியர், பயிற்றுநர் போன்று நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் குற்றம் புரிந்தால் கூடுதலாக ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. குற்றம் நடப்பது தெரிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். சிறாரின் சாட்சியத்தை மட்டுமே வைத்துக்கூட நீதிமன்றம் தீர்ப்பளிக்க முடியும். "சின்னப் பிள்ளை சொல்வதை யார் நம்புவார்?" என்ற மிரட்டல் இனி செல்லாது.

ஆனால், சட்டம் பெரும்பாலும் நடந்த பிறகுதான் வரும். நடக்காமல் தடுப்பது அமைப்பின் பொறுப்பு. எனவே நடனமோ மிருதங்கமோ நாடகமோ, எந்த வகுப்பில் சேரும் முன்பும் சில கேள்விகளைக் கேளுங்கள். ஆசிரியரும் மாணவரும் மூடிய அறையில் தனியாக இருக்க நேருமா? புலனத்தில் ஆசிரியர் தனியாகச் செய்தி அனுப்புவாரா, பெற்றோரும் உள்ள குழுவில்தான் அனுப்புவாரா? உடை மாற்றும் இடத்துக்குள் யார் வரலாம்? படமும் காணொளியும் யார் அனுமதியோடு வெளியாகும்? மிக முக்கியமாக, ஆசிரியர் மீதே புகார் என்றால் யாரிடம் சொல்வது? இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்காமல் தாளை எடுத்துக் காட்டும் அமைப்பே நல்ல அமைப்பு. "நம்ம இடத்தில் அப்படியெல்லாம் நடக்காது" என்பது பதிலாகாது.

உயர்கல்விக்கூட மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்களில் பலர் என்னைப்போல் பிள்ளைகளுக்கு அண்ணனாகவும் அக்காவாகவும் உதவப் போகிறவர்கள். விதிகளை வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். உங்களிடம் ஒரு பிள்ளை மனம் திறந்தால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது சரி, தவறு உன்னுடையதல்ல" என்று சொல்லிவிட்டு, உடனே பொறுப்பானவரிடம் தெரிவியுங்கள். அமைப்பு காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் காவல்துறை இருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது. பினாங்கில் 1985 முதல் இயங்கிவரும் டபள்யூ.சி.சி. எனும் பெண்கள் மையமும் இருக்கிறது.

குருவை வணங்குவோம். ஆனால், அந்த வணக்கம் வாய்ப்பூட்டாக வேண்டாம்.

இப்போதெல்லாம் ஒத்திகை முடிந்ததும் நானும் அக்காவும் வெளிச்சமான வாசலில் உட்கார்ந்து, கடைசிப் பெற்றோர் வரும்வரை காத்திருக்கிறோம். சில நாள் பதினொரு மணியாகிவிடுகிறது. அந்த மாணவியும் எங்களோடு உட்கார்ந்து வசனத்தை ஒப்பிப்பாள். போன வாரம் அவளுடைய தோழியின் உறவினர் ஒருவர், "வா, வழியில் இறக்கிவிடுகிறேன்" என்று அவளைக் கூப்பிட்டார். "பரவாயில்லை அங்கிள், அப்பா வருவார்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் வசனத்தைத் தொடர்ந்தாள்.