வாஷிங்மெஷின் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

கோடை தொடங்கினாலே பல வீடுகளில் எழும் கேள்வி இது. குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்க, காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு நிச்சயம் வராது.

நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் குளிக்க 55 லிட்டர், துணி துவைக்க 20 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டில் இந்த இரண்டு மட்டுமே 300 லிட்டர்! அப்படியானால் குழாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

சோப்பு செய்யும் வேலை

‘அந்தக் காலத்துக் கிணற்றடி வாழை செழிப்பாகத்தானே வளர்ந்தது?’ என்று கேட்பீர்கள். அன்று சீயக்காயும் அரப்பும்தான் அதிகம், சோப்பு கொஞ்சம்தான். இன்றைய சலவைத் தூளில் சோடியம் உப்புகள் நிறைய. அந்தச் சோடியம் களிமண்ணின் பொலபொலப்பைக் கெடுத்து, மேல்மண்ணை ஏடுபோல இறுக்கிவிடும். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்பதும், இலை நுனி கருகுவதும் அதன் அறிகுறிகள்.

அப்படித் தெரிந்தால் சோப்புத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். உரக்கடையில் கிடைக்கும் ஜிப்சத்தை மண்ணில் கலந்து, நல்ல தண்ணீர் விடுங்கள். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை விலக்கிவிடும். பிறகு ஒரு நல்ல மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும். தொட்டிச் செடிக்கு இந்த வசதி இல்லை. உப்பு தொட்டிக்குள்ளேயே சேரும். மாடித் தோட்டத்துக்கு அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் போதும்.

கல்வாழை நட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அழுக்கும் வாடையும் குறையும் என்பது உண்மைதான். ஆனால், சோடியத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

எதை எடுக்கலாம், எதை விடலாம்?

மெஷினிலிருந்து முதலில் வரும் நுரைத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, அதன்பின் அலசி வெளியேற்றும் தண்ணீரை மட்டும் பிடியுங்கள். மெஷினின் மோட்டார் வெகுதூரம் தள்ளாது. பக்கத்தில் ஒரு டிரம் வைத்துப் பிடித்து, அதன் அடிக்குழாய் வழியாகச் சரிவில் ஓடவிடுவது நல்லது.

சமையலறை சிங்க் தண்ணீர் வேண்டாம். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் நாற்றத்தையும் எலியையும் கூட்டிவரும். குழந்தையின் மலத்துணி அலசியது, பிளீச்சிங் பவுடர், பினாயில், தலைச்சாயம் கலந்தது எல்லாம் சாக்கடைக்குத்தான்.

பாத்ரூம் தண்ணீரை எடுக்க நினைத்தால், முதலில் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். குளியல் குழாயும் கழிப்பறைக் குழாயும் தனித்தனியாக இறங்கினால் வேலை சுலபம். ஒன்றாகக் கலந்திருந்தால் பிளம்பரைக் கொண்டு பிரித்த பிறகுதான் யோசிக்க வேண்டும்.

அடைப்பும் கொசுவும்

சொட்டுநீர்க் குழாயில் இந்தத் தண்ணீரை விட்டால், முடியும் துணி நூலும் சேர்ந்து சில நாளிலேயே அடைத்துவிடும். மரத்தடியைச் சுற்றிக் குழி எடுத்து, தேங்காய் மட்டையும் காய்ந்த சருகும் நிரப்பி, அதற்குள் விடுங்கள். வாழை, தென்னை போன்ற மரங்களுக்கு ஏற்றது. கீரை, கேரட், முள்ளங்கிக்கு ஆகாது. குடிநீர்க் கிணறு, போர்வெல் பக்கத்தில் விடவே வேண்டாம்.

சேமித்து வைக்கும் எண்ணமும் வேண்டாம். ஒரு நாள் தாண்டினாலே நாறத் தொடங்கும்; தேங்கி நின்றால் கொசு முட்டையிட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் புதுக்கொசுக்கள் பறக்கும். அன்றன்றைய தண்ணீர் அன்றன்றே மண்ணுக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் ஏற்கெனவே ஊறியிருக்கும். அப்போது சாக்கடைக்கே திருப்ப ஒரு வால்வு அவசியம்.

முதலில் ஒரே ஒரு வாழைக்கு, அலசிய தண்ணீரை மட்டும் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். மண் பொலபொலவென்றே இருந்தால் அடுத்த மரத்துக்குப் போகலாம்.